நாலாவது பதில்

மாமா,

இன்று காலை கிழக்குக் கொல்லையில் யாரோ காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்திவிட்டார்கள். நான் எழுந்து ஜன்னலைச் சாத்துவதற்குள் கூடம் முழுக்கப் புகை. மேசை, கணினி, காபி டம்ளர் எல்லாவற்றிலும் கரித்தூள். நீங்கள் இருந்திருந்தால் வரப்பில் நின்று, "டேய், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துக் கொளுத்த மாட்டியா? என் மருமவ உள்ள அமெரிக்காக்காரனுக்கு வேல பாத்துக்கினு இருக்கா!" என்று வடக்கனந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பீர்கள். எனக்கு மானம் போயிருக்கும். இன்று யாரும் கத்தவில்லை. துணியை நனைத்து மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி வேலையில் உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு சிறுநீரகக் கோப்பு திறந்திருந்தது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் எவரோ ஒருவர். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகிறது, சிறுநீர் குறைந்துகொண்டே வருகிறது, நரம்பு வழியாகத் தண்ணீர் ஏற்றுகிறார்கள், வைத்தியம் எல்லாம் முறையாக நடக்கிறது. நோயின் பெயரை மட்டும் டாக்டர் எந்த இடத்திலும் எழுதவில்லை. அவருக்கு ஒரு கேள்வி எழுதினேன். கடைசி வரியைத் தட்டும்போது உங்கள் நினைப்பு வந்துவிட்டது. கேள்வியை அனுப்பிவிட்டு, வேலையிலிருந்து கொஞ்ச நேரம் எழுந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வேலை இன்னதென்று இந்த வீட்டில் சரியாகப் புரிந்துகொண்டவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் பிள்ளை, என் கணவர் சரவணனுக்கு அது இன்றைக்கும் 'கம்ப்யூட்டர்ல ஆஸ்பத்திரி வேலை'. அத்தை சொந்தக்காரர்களிடம், "நர்சு மாதிரி, ஆனா ஊசி போட மாட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெடிக்கல் கோடிங், டாக்டர் எழுதிய நோய்க்குக் குறியீட்டு எண் போடுவது என்று நான் சொன்னால், வந்தவர்கள் 'அப்படியா' என்று தலையாட்டிவிட்டு மாட்டைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள்.

சென்னையில் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த நான், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். கூடத்து ஜன்னலோரம் மட்டும்தான் நெட் ஒழுங்காகக் கிடைத்தது. அது நீங்கள் உட்காரும் இடம். இடத்தை விட்டுக்கொடுத்தீர்கள், ஆனால் இடத்தைவிட்டுப் போகவில்லை. முறத்தை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை, உங்கள் பேச்சில் மல்லாட்டை, உரிக்கத் தொடங்கினீர்கள். நான் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் போனில் பாடம் எடுப்பேன். பின்னால் ஓடு உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். போனில் ஒரு பெண், "மேடம், உங்க பின்னாடி யாரோ பல்லைக் கடிக்கிறாங்க" என்றாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒருநாள் நான் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தேன். கிரியாட்டினின் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, ஆகவே இது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்புதான் என்று அவளாகவே முடிவுகட்டி, அதற்குரிய குறியீட்டைப் போட்டுவிட்டாள். போனை வைத்ததும் நீங்கள் கேட்டீர்கள்.

"ஏம்மா, ரத்தத்துல ஏறியிருக்குன்னு நீயே சொல்ற. அந்தப் பொண்ணு சரியாத்தான போட்டுது? அத ஏன் திட்ற?"

"டாக்டர் எழுதல மாமா. அவர் பேர் சொல்லி எழுதினாத்தான் நாங்க போடலாம்."

"கண்ணுக்குத் தெரிஞ்சாலுமா?"

"தெரிஞ்சாலும்தான். நாங்க டாக்டர் இல்லையே. வேணும்னா அவரைக் கேக்கலாம்."

"கேட்டுட்டுப் போயேன். இதுல இன்னா இருக்கு?"

அதில் நிறைய இருந்தது. கேட்பதற்கும் ஒரு முறை உண்டு என்று சொன்னேன். இது திடீர்ப் பாதிப்புதானே டாக்டர் என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் பதிலை நாமே அவர் வாயில் ஊட்டிவிட்டதாக ஆகும். ரத்தப் பரிசோதனை இப்படி இருக்கிறது, சிறுநீர் இவ்வளவு போயிருக்கிறது, இந்த வைத்தியம் செய்திருக்கிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி அடுக்கிவிட்டு, கீழே சில பதில்களைக் கொடுக்க வேண்டும். திடீரென்று வந்ததா? வெகுநாளாக இருப்பதா? பழசின் மேல் புதுசும் சேர்ந்துகொண்டதா? கடைசியாக ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்: இப்போது சொல்ல இயலாது.

நீங்கள் உரிப்பதை நிறுத்திவிட்டீர்கள். "பாரேன்! நம்ம ஊரு பஞ்சாயத்துல எவனாவது இப்படிக் கேட்டிருக்கானா? 'நீதானடா எடுத்த'ன்னுதான் ஆரம்பிப்பான்" என்றீர்கள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ கோர்ட்டுக் குமாஸ்தாவா போயிருக்கணும்" என்றீர்கள். அன்றிலிருந்து அதுவே எனக்குப் பெயராகிவிட்டது.

அதற்கப்புறம் இந்த வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு கேள்வி கேட்க முடியவில்லை. மத்தியானம் கை கழுவிவிட்டு வந்து, "சாம்பாரா, கொழம்பா, ரெண்டுமா, இல்ல இப்ப சொல்ல முடியாதா?" என்பீர்கள். அத்தை அடுப்படியிலிருந்தே, "இப்ப சொல்ல முடியாது. தட்டுல விழும்போது தெரியும்" என்பார்கள். சரவணன் தாமதமாக வந்தால், "வண்டி பஞ்சரா, பசங்களோட பேச்சா, ரெண்டுமா..." என்று ஆரம்பித்துவிடுவீர்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு என்னை முறைப்பார். நான் என்ன செய்யட்டும்? உங்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருள் கிடைத்தது, கொடுத்தவள் நான்.

அந்த வருஷம் கரும்பு வெட்டும் நேரத்தில் ஆள் கிடைக்காமல் எல்லோரும் அலைந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் கச்சிராயபாளையம் போய் பஸ் பிடித்து, கல்வராயன் மலைக்கு ஏறி, வழக்கமாக வெட்ட வருகிறவர்களைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தீர்கள். திரும்பி வந்த அன்றே வயிறு கெட்டுவிட்டது. வாந்தியும் பேதியும். "மலைத்தண்ணி ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு, கஞ்சித்தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்காமல் வெயிலில் போய் வெட்டு ஆட்களோடு நின்றீர்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரையை அந்த நிலையிலும் விடவில்லை. நான் கத்தினேன், அத்தை கத்தினார்கள். கரும்பு லாரி ஏறி ஆலைக்குப் போகட்டும், அப்புறம் படுக்கிறேன் என்றீர்கள். லாரி போனது. நீங்கள் படுத்தீர்கள். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. கால் வீங்கியிருந்தது. மூத்திரம் போய் எவ்வளவு நேரமாகிறது என்று சரவணன் கேட்டதற்கு, ஞாபகமில்லை என்றீர்கள்.

கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்த முடிவு வந்ததும் சரவணன் காகிதத்தை என்னிடம் நீட்டினார். இப்படிப்பட்ட காகிதங்களை நாள் முழுக்கப் பார்ப்பவள் நான். சுட்டு விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே போனேன். கிரியாட்டினினுக்கு எதிரில் இருந்த எண்ணைப் பார்த்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது. மேலே உங்கள் பெயர் இருந்தது. எங்களுக்கு வரும் கோப்புகளில் பெயரை நான் கவனிப்பதே இல்லை.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு உண்டு. சிறுநீரகம் திடீரென்று சோர்ந்துபோனால் பதினேழாம் எண். வெகுநாளாக உள்ளுக்குள்ளேயே கெட்டுக்கொண்டு வந்திருந்தால் பதினெட்டு. அடுத்தடுத்த வீடுகள்தான். பதினேழு பல பேருக்கு வந்த வழியே போய்விடும். பதினெட்டு பெரும்பாலும் கூடவே தங்கிவிடும். உங்களுக்கு வந்தது எது? பழைய ரத்தப் பரிசோதனை ஏதாவது இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீங்கள்தான், "எனக்கு ஊசி குத்துனது பள்ளிக்கூடத்துல அம்மை ஊசி ஒண்ணுதான்" என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தீர்களே.

டாக்டர் இளம் பெண். கூந்தலை இழுத்து முடிந்துகொண்டு, நின்ற இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தார். கிட்னி பாதித்திருக்கிறது, உடம்பில் உப்பும் நீரும் ஏறிக்கொண்டே போகிறது, இப்போதைக்கு டயாலிசிஸ் செய்தால்தான் தாங்கும், கையெழுத்துப் போடுங்கள் என்று நின்றபடியே சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் சொன்ன 'இப்போதைக்கு' உங்கள் காதில் விழவில்லை. 'டயாலிசிஸ்' மட்டும் விழுந்தது.

பக்கத்துக் கட்டிலில் உளுந்தூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் இருந்தார். வருஷக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். நல்ல மனிதர். தன் கையில் புடைத்திருந்த நரம்பைத் தடவிக்காட்டி, "பஸ்ல வந்து, படுத்து, போட்டுக்கினு, மறுபடி பஸ்ஸு. இதாங்க நம்ம பொழப்பு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நீங்கள் சிரிக்கவில்லை. அளவாகத்தான் குடிக்கலாம் என்று அவர் தண்ணீரை மூடியில் ஊற்றி உதட்டை நனைத்துக்கொள்வதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

சரவணன் கையெழுத்துப் போடப் போனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"வேணாண்டா. ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போடணும். ஊருல யாரை வேணாலும் கேளு. நான் வூட்டுக்குப் போறேன்."

"அப்பா, டாக்டர் சொல்றாங்கப்பா."

"அவங்க சொல்லுவாங்க. நாளைக்கு வண்டிய எடுத்துக்கினு வா. ஆயுசுக்கும் உங்கம்மா என்னப் பஸ்ல தூக்கிக்கினு அலையணுமா?"

உங்கள் தம்பி வேறு அதே நேரத்துக்கு வந்து சேர்ந்தார். சின்ன மாமா எப்போதும் தப்பான நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார், வேரை இடித்துக் கஷாயம் கொடுக்கிறார், கல்லே கரைந்து போகிறது, கிட்னி எம்மாத்திரம் என்றார். நீங்கள் அவரிடம், "கார் மேல வரைக்கும் போவுமா?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்றோ மறுநாளோ நீங்கள் அந்தக் கட்டிலைவிட்டு இறங்கிப் போனால், பிழைக்க மாட்டீர்கள்.

எல்லோரும் டீ குடிக்கப் போன சமயம் என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள். சத்தம் எழும்பவில்லை உங்களுக்கு.

"ஏம்மா, நீ தெனம் பாக்கற வேலதான இது. உனக்குத் தெரியும். நீ சொல்லு. இது வந்துட்டுப் போறதா, போவாததா?"

மாமா, அந்த நிமிஷம் சொல்லிவிடத்தான் துடித்தேன். வயிற்றுப்போக்கு, வெயில், அந்த மாத்திரை எல்லாம் சேர்ந்து வந்திருக்கிறது, இது பதினேழுதான், போய்விடும், பயப்படாதீர்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நூற்றுக்கணக்கான கோப்புகளில் இதே கதையைப் படித்திருக்கிறேன். ஆனால் அதே தொடக்கம் வேறு மாதிரி முடிந்த கோப்புகளையும் படித்திருக்கிறேனே. நான் சொல்லி அது பொய்யாகப் போனால், என் வார்த்தையை நம்பிக் கிடந்த உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

"எனக்குத் தெரியாது மாமா. டாக்டர்தான் சொல்லணும்" என்றேன்.

"தெரியாதா, சொல்ல மாட்டியா?"

"நான் சொல்லக்கூடாது மாமா. அவங்களக் கேப்போம்."

"கோர்ட்டுக் குமாஸ்தா" என்று முணுமுணுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். வழக்கமான கேலி அதில் இல்லை. நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வந்தது. லாரியோடு போய் நிற்காமல் முதல்நாளே படுத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று சுவரைப் பார்த்து நானும் திட்டினேன்.

மறுநாள் காலை. வண்டி வாசலில் நின்றது. பையைக் கட்டி அத்தை மடியில் வைத்திருந்தார்கள். சின்ன மாமா மலைக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் சுற்று வந்தார். உங்கள் கட்டிலுக்கு வந்து, "கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னீங்களாமே பெரியவரே?" என்றார்.

நீங்கள் சரவணன் தோளைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தீர்கள். மூச்சு வாங்கியது.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன். நாலு பதில் குடுக்கறேன். ஒண்ணு சொல்லுங்க போதும்."

டாக்டர் புரியாமல் நின்றார். நீங்கள் ஒவ்வொரு விரலாக மடக்கினீர்கள்.

"எனக்கு வாந்தி பேதி ஆச்சு. வெயில்ல நின்னேன். மூட்டுவலி மாத்திர போட்டேன். அப்புறம் மூத்திரம் நின்னுபோச்சு. இதுக்கு முன்னால ரத்தம் பாத்ததில்ல. இப்ப சொல்லுங்க. இந்தக் கோளாறு திடீர்னு வந்ததா? ரொம்ப நாளா உள்ள இருந்ததா? ரெண்டும் சேந்ததா? இல்ல..." அங்கே இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கேட்கவில்லை நீங்கள். எச்சிலை விழுங்கிக்கொண்டு முடித்தீர்கள். "இல்ல, இப்ப சொல்ல முடியாதா?"

உள்ளதை உள்ளபடி முதலில் அடுக்கினீர்கள். எந்தப் பதில் உங்களுக்கு வேண்டும் என்று குரலில்கூடக் காட்டவில்லை. அப்படிக் கேட்க என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிப்போகிறது.

டாக்டர் ஓடுவதை நிறுத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உங்கள் கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஸ்கேன் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வார்டில் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரர் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டார்.

"நாலாவதுங்க பெரியவரே" என்றார் டாக்டர். "இப்ப என்னால உறுதியா சொல்ல முடியாது. ஸ்கேன்ல கிட்னி சுருங்கல, அது நல்ல சேதி. நீங்க சொன்ன வாந்தி, பேதி, மாத்திரை எல்லாம் பாத்தா திடீர்னு வந்த மாதிரிதான் இருக்கு. ஆனா உள்ளுக்குள்ள பழசு எதுவும் இல்லன்னு இன்னிக்கே சத்தியம் பண்ண முடியாது. கொஞ்ச நாள் போகணும்."

"டயாலிசிஸ் போட்டா ஆயுசுக்குமா?"

"சில பேருக்கு ஆயுசுக்கும். சில பேருக்குச் சில தடவையோட நின்னுடும். கிட்னி தானா எழுந்திரிக்கிற வரைக்கும் தாங்கிப் பிடிக்கத்தான் இது. நீங்க எந்தப் பக்கம்னு எனக்கு இன்னும் தெரியல."

சின்ன மாமா போனைப் பொத்திக்கொண்டு, "பாத்தியாண்ணா, அவங்களுக்கே தெரியலியாம்" என்றார். ஐயோ, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அத்தை பையோடு எழுந்து நின்றுவிட்டார்கள்.

நீங்கள் சின்ன மாமாவைப் பார்த்து, "உன் வைத்தியருக்குத் தெரியுமாடா?" என்று கேட்டீர்கள்.

"அவரு கட்டாயம் சரியாயிடும்னு சொல்றாருண்ணா."

"என்னப் பாக்காமயே சொல்றாரா?"

சின்ன மாமா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நீங்கள் டாக்டர் பக்கம் திரும்பி, "தெரியாதுன்னு சொல்லிட்டீங்க. போச்சுன்னு சொல்லல. அது போதும் எனக்கு. எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டீர்கள். நீங்களே போட்டீர்கள். வண்டியைத் திருப்பி அனுப்பினோம்.

டயாலிசிஸ் நடந்தது. முதல் தடவை குளிரில் உதறினீர்கள், இரண்டு போர்வை போர்த்திப் பிடித்துக்கொண்டோம். மறுபடி ஒருமுறை, மறுபடி ஒருமுறை. குழாயில் வரும் சிறுநீரைப் பார்ப்பதே எங்கள் குடும்பத்துக்கு வேலையாகிவிட்டது. ஆலைக்குப் போன கரும்பின் எடையை விசாரிக்கிற மாதிரி, "இன்னிக்கி ஜாஸ்தியா கம்மியா?" என்று நர்சைக் கேட்பீர்கள். ஒருநாள் சரவணன் ஓடிவந்து, பை பாதிக்குமேல் நிரம்பிவிட்டது என்று வராந்தாவில் நின்று சத்தம் போட்டார். மூத்திரத்துக்காக ஒரு மனிதன் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. கிரியாட்டினின் மெதுவாக இறங்கத் தொடங்கியது. டாக்டர் டயாலிசிஸை நிறுத்திப் பார்த்தார். இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் காகிதத்தை என் கையில்தான் கொடுத்தார்கள். மற்றவர்கள் மருந்துச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நோயின் பெயர் எழுதியிருக்கும் வரியைத் தேடினேன். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு, நீர்ச்சத்துக் குறைவும் வலிமாத்திரையும் காரணம், தேறிவருகிறது என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். கேள்வியே எழுதத் தேவையில்லாத எழுத்து. அந்த வரியைப் படித்துவிட்டு, மருந்துக் கவுண்டர் எதிரில், அத்தனை கூட்டத்தில், சத்தம் போட்டு அழுதுவிட்டேன். சரவணன் பயந்தே போய்விட்டார். "பதினேழுதாங்க, பதினேழுதாங்க" என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சக்கர நாற்காலியில் இருந்த உங்களுக்குப் புரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து, முறத்தோடு எதிரில் உட்கார்ந்திருந்தபோது நீங்களாகவே சொன்னீர்கள். "அன்னிக்கி நீ 'சரியாயிடும் மாமா'ன்னு சொல்லியிருந்தா நான் கெளம்பிப் போயிருப்பேன். ஆப்பிளு வாங்கிக்கினு வந்தவன்லாம் அதத்தான சொன்னான். இவளும் மனசத் தேத்தறான்னு நெனச்சிருப்பேன். நீ தெரியாதுன்னு சொன்ன பாரு, அப்பதான் தோணுச்சு, கேட்டாத் தெரியற விஷயம் ஏதோ இருக்குதுன்னு." இதைச் சொல்லிவிட்டு ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டீர்கள். நான் தலையைத் திரையிலிருந்து திருப்பவில்லை. திருப்பினால் மறுபடி அழுதிருப்பேன்.

அப்புறம் நீங்கள் சும்மா இருந்தீர்களா? ஊரில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் டீக்கடையில் உட்காரவைத்து நாலு பதில் பாடம் எடுத்தீர்கள். ஒருமுறை உங்களைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது டாக்டர் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். "வடக்கனந்தல்ல இருந்து வர்ற எல்லாரும் விரலை மடக்கி மடக்கிக் கேக்கறாங்க. தலைவலிக்கு வந்தவர்கூட நாலு ஆப்ஷன் குடுக்கறார். உங்க மாமனார் வேலையா?" என்று சிரித்தார். நான் இல்லையென்று சொல்ல முடியுமா?

மூட்டுவலி மாத்திரையை விட்டீர்கள். வெயிலில் போனால் தண்ணீர் பாட்டிலோடு போனீர்கள். கோமுகி அணை திறந்தால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, போன வருஷத்தைவிட ஜாஸ்தியா கம்மியா என்று சின்ன மாமாவோடு சண்டை போட்டீர்கள். சமாதானமும் ஆனீர்கள். கடைசியாகப் பார்த்த ரத்தத்திலும் கிரியாட்டினின் ஒழுங்காகவே இருந்தது. நீங்கள் போனது நெஞ்சில் வந்த வலியில், சாப்பிட்டுச் சாய்ந்த ஒரு மத்தியானத்தில், யாரையும் எதுவும் கேட்காமல். அத்தை இப்போதும் அந்தக் கட்டிலில் யாரையும் உட்கார விடுவதில்லை.

எனக்கு உங்கள் ஞாபகம் வருவது ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் மாமா. நான் படிக்கிற கோப்புகளில் பிழைத்தவர்களுடையதெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும். நோயாளி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த வரியோடு எனக்கும் அவருக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். வீட்டில் அவருக்காக யார் காத்திருந்தார்கள், போனதும் என்ன சாப்பிட்டார், தன் வீட்டுக் கட்டிலில் படுத்ததும் தூக்கம் வந்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. முன்பெல்லாம் அதைப்பற்றி யோசித்ததுகூட இல்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் அந்த வரியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் கோப்பை மூடுகிறேன்.

நீங்கள் வீட்டுக்கு வந்த அன்று, அத்தை ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார்கள். காரிலிருந்து இறங்கிய நீங்கள், "இரு" என்று அவர்களைக் கையமர்த்திவிட்டு, சரவணன் பிடிக்க வந்ததையும் தட்டிவிட்டு, மெதுவாக நடந்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போனீர்கள். நாங்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றோம். வெகுநேரம் கழித்து வேட்டியைச் சரிசெய்துகொண்டே திரும்பி வந்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "நம்ம வூட்ல போனாத்தாண்டா போன மாதிரி இருக்குது!" என்றீர்கள். அத்தைக்குத் தட்டு ஆடியது. சூடம் அணைந்துபோய் மறுபடி ஏற்றினோம்.

நான் படித்த அத்தனை நோயாளிகளிலும், வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார் என்று எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.